வரி மறந்த இடத்தில்

“அப்போ எனக்குக் காது கேக்காதுன்னு சொல்றியா?” என்று காலையில் கதவை அறைந்து சாத்தினாயே அக்கா, அதற்குப் பதில் இது. உனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. மனசுதான் அடம் பிடிக்கிறது.

உங்கள் அரங்கில் இதுவரை பாடிய இசை நாடகப் பாட்டுகளில் எது உச்சம் என்று இன்றைக்குள் ரசிகர்கள் உட்பட எல்லோரும் ஓட்டுச் சீட்டு போடவேண்டும். நீ மாலுமிகளின் கோரஸ் என்கிறாய். இருபது பேர் சேர்ந்து கத்தினால் யாருக்குத்தான் புல்லரிக்காது?

என் ஓட்டு போர்வை மடிக்கும் பணிப்பெண்ணின் பாட்டுக்கு. முன்பு ஒருநாள் அதைப் பாடுகிறவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, உடை தைத்துக்கொண்டிருந்த உன்னை மேடையேற்றினார்கள். இரண்டாம் சரணம் மறந்துபோய், போர்வையை மடித்தபடியே ராகத்தை மட்டும் முனகினாய். பிறகு வந்தவர்கள் எல்லோரும் அந்த வரிகளை விட்டுவிட்டு உன்னைப் போலவே முனகுகிறார்கள். நான் படித்த எந்த நாவலிலும் அப்படியொரு இடம் இல்லை. நீ மட்டும்தான் அதை மானக்கேடு என்று நினைத்து மறுபடி மேடையேறவே இல்லை.

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு, கோபத்தைத் தட்டில் காட்டாதே.

பின்குறிப்பு: இப்போதுதான் உங்கள் மேனேஜர் போன் செய்தார். என் சீட்டு போய்ச் சேரும் முன்பே பணிப்பெண் பாட்டு ஜெயித்துவிட்டதாம்! வெள்ளிக்கிழமை நீயே பாடவேண்டும் என்று கேட்க இன்று மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறார்.

காகிதத்தின் ஓரத்தில்கூட இனி எழுத இடமில்லை. மணி அடித்தால் கதவை மட்டும் திறயேன், அக்கா?