கதவைத் தட்டிய சம்பந்தி

பிராங்பேர்ட்
5.3.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆறு வருடமாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை, அதுதான் கடிதம்.

அபெனாவின் அம்மா, என் மாமி அக்குவா, போன ஞாயிறு மோசம் போய்விட்டா. தேவாலயத்துக்கு உடுத்திக்கொண்டு கட்டிலில் இருந்தபடியே போய்விட்டா. இதோடு அவவின் படம் வைத்திருக்கிறேன். நீங்கள் அவவின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லையே. கானாவிலிருந்து வந்து, இருபத்தேழு வருடம் விமான நிலையத்தில் கழிப்பறை கழுவி, மூன்று பிள்ளைகளைத் தனியே ஆளாக்கினவ. விடிய முதல் ரயிலில் நின்றுகொண்டே பைபிள் வாசிப்பா. இருந்தால் நித்திரை வந்துவிடுமாம். சாப்பாட்டுச் செபத்தில் தினமும் உங்கள் பெயரும் வரும்.

அவர்களின் அகான் சனத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்வீட்டுக் கதவைத் தட்டிப் பெண் கேட்க வேண்டும். நீங்களோ, "கறுப்புப் பெட்டையைக் கட்டினால் உன்ர வாசல் மிதியன்" என்றுவிட்டீர்கள். "அப்ப நான் போய்த் தட்டுறன்" என்று மாமி ஸ்டுட்கார்ட் வந்தா. "வீட்டில ஆளில்லை" என்று திரும்பினா.

இருபத்துமூன்றாம் திகதி சனிக்கிழமை அடக்கம். ஒருமுறை வாங்கோ அம்மா.

மதீசன்

ஸ்டுட்கார்ட்
11.3.2024

என் ராசா மதீசனுக்கு,

படத்தை மேசையில் வைத்துப் பார்த்தபடியே இருக்கிறேன். இந்த முகத்தை எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். கதவுத் துளையால் பார்த்தேன். வெள்ளை உடுப்பு, கையில் பைபிள், கண்ணை மூடி வாய்க்குள் செபம். எங்கள் கட்டடத்துக்கு வழமையாக வரும் பிரசங்கக்காரர் என்று நினைத்து மூச்சுக் காட்டாமல் நின்றேன். மூன்று தரம் தட்டினா. பிறகு கைபிடியில் ஒரு பையைக் கொழுவிவிட்டுப் போனா. உள்ளே மடித்த புதுத்துணி. தெருவில் பழைய உடுப்புச் சேர்க்கும் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

ஆளைத் தெரிந்திருந்தால் திறந்திருப்பேனா? ஓம் என்று எழுதிப் பார்த்தேன். பிறகு வெட்டிவிட்டேன். உனக்குப் பொய் எழுத ஏலாது. வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை வருகிறேன். சம்பந்தியின் காலடியில் ஒரு பூவாவது வைக்கவேண்டும். அபெனாவுக்கு இதை வாசித்துக் காட்டு. அவளிடம் மறைத்துக்கொண்டு வரமாட்டேன்.

உன் அம்மா
புஷ்பராணி

பிராங்பேர்ட்
17.3.2024

அம்மாவுக்கு,

வாசித்துக் காட்டினேன். அபெனா சொன்னாள், மாமிக்கு அன்றைக்கே தெரியுமாம். கதவுத் துளை இருண்டதைக் கண்டாவாம், உள்ளே டிவியும் கேட்டதாம். "மதீசனுக்குச் சொல்லாதை. தாயைப் பற்றிப் பிள்ளை அப்பிடி அறியக்கூடாது" என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறா. பொய்க்கு அவ்வளவு பயந்த மனுசி.

அந்தத் துணி, கலியாணத்துக்கு இரண்டு தாய்மாரும் ஒரேமாதிரி உடுக்கவென்று ஒரே துண்டில் வெட்டியது. அவவின் பாதி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அதைத்தான் உடுத்தி அனுப்பப்போகிறோம்.

நீங்கள் வரவேண்டாம் என்கிறாள் அபெனா. அவளை மறித்துப் பேச எனக்கு வாயில்லை.

உங்கள் மேல் கோபம் வரும்போதெல்லாம், "அண்டைக்கு அவ வீட்டில இல்லை, இருந்திருந்தால் திறந்திருப்பா" என்று மாமி என்னை அடக்குவா. அதை நம்பித்தான் ஆறு வருடமும் உங்களுக்குப் போன் அடித்தேன். இனி அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை.

மருந்தை நேரத்துக்குப் போடுங்கோ.

மதீசன்