மூன்றாம் நாளே வேலைக்கு வந்தவன்

நவம்பர் 3, செவ்வாய்
கேபின், காலை பத்தரை

என் அருமை விசிலுக்கு,

உன் நெட்டை எழுதுவது. தரையிலிருந்து அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு மனுஷன் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலம். நீயும் உன் வீட்டில் தங்கச்சியும் எப்படி இருக்கிறீர்கள்? காது எப்படி இருக்கிறது?

பத்து வருஷம் கிரேனுக்குக் கீழே நின்று “இடது, இடது, மெதுவா, நிறுத்துடா!” என்று வாக்கி-டாக்கியில் என் உயிரை வாங்கினாய். இப்போது காது போய், கம்பெனியின் வெளியூர் ஸ்டோரில் ஆணி எண்ணுகிறாயாமே! போனில் பேசினால் உனக்குக் கேட்காது. மெசேஜ் தட்டினால் என் விரலுக்கு நாலு எழுத்து ஒன்றாக விழுகிறது. போதாக்குறைக்கு போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் சாமான் ஏற்றிவரும் லாரிக்காரர்தான் இனி நமக்குத் தபால்காரர்.

உன் இடத்தில் ஒரு புது சிக்னல்காரர். எதைச் சொன்னாலும் பாடம் நடத்துவார், அதனால் எல்லோருக்கும் அவர் வாத்தியார். நல்ல மனுஷன். காலைப் படிவத்தை உன்னைப் போலவே அவரே நிரப்பிவிடுகிறார்.

ஒரு கூத்து கேள். 19-ம் தேதி ஆண்கள் தினமாம். ஆபீசில் கேக் வெட்டப்போகிறார்கள். எனக்கு ‘இரும்பு மனிதர்’ என்று கேடயம். படிக்கப்போவதை எழுத்தர் காட்டினார்: “பதினோரு ஆண்டுகள் ஒரு விபத்தும் இல்லாதவர். சொந்தத் தம்பி இறந்த மூன்றாம் நாளே பணிக்குத் திரும்பியவர்.” படித்துவிட்டு மேலே ஏறி வந்தேன். ஏணியில் ரெண்டு இடத்தில் நிற்க வேண்டியதாகிவிட்டது. வயசாகிறது போலிருக்கிறது.

இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. மேலே நன்றாக இருக்கிறது. யாரும் எதுவும் கேட்பதில்லை.

அன்புடன்,
நெட்டை

*

நவம்பர் 6, வெள்ளி
ஸ்டோர்

இரும்பு மனிதர் அவர்களுக்கு,

வணக்கம் போட்டுக்கொள்கிறேன், ஐயா! கேடயம் வாங்கும்போது தலை மேடைப் பந்தலில் இடிக்காமல் பார்த்துக்கொள்.

என் வலது காது செத்தே போச்சு. இடது காது பாதி. அது மட்டும் போதும் என்கிறாள் உன் தங்கச்சி, அவள் திட்டுவது எப்படியும் கேட்டுவிடுகிறதாம்.

அது கிடக்கட்டும். நீ ஏன் சாப்பிட இறங்குவதில்லை? பெருந்தீனிக்காரன் நீ. பன்னிரண்டு மணிக்கே “பசிக்குதுடா, மணி என்ன?” என்று வாக்கியில் ஊரைக் கூட்டுவாய். ஏணியில் நின்று நின்று ஏறினாய் என்று லாரிக்காரரும் சொன்னார். கண்ணுக்குக் கீழே கருவளையமாம். தூங்குகிறாயா இல்லையா? சாயங்காலம் டீயைக் குறை. எல்லாம் சரியாகிவிடும்.

உன் பாப்பா படிப்பு எப்படி? பத்தாம் வகுப்பு, விளையாட்டில்லை என்று சொல்.

உன்
விசில்

*

நவம்பர் 10, செவ்வாய்
கேபின்

விசில்,

டீயைக் குறைக்கிறேன். ரொம்ப நன்றி. பெரிய டாக்டர்.

கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் இல்லாமல் யாரிடம் எரிந்து விழுவேன்?

தூக்கம் போய் ஐந்து மாதமாகிறது. படுத்தால் தம்பியின் செருப்பு கண்ணில் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்தார்களே, அந்தச் செருப்பு. அன்று அழவில்லை. மூன்றாம் நாள் வேலைக்கு வந்தேன், எல்லோரும் “ஆம்பளன்னா இப்படி இருக்கணும்” என்று முதுகில் தட்டினார்கள். அதற்கப்புறம் எப்போது அழுவது என்று தெரியவில்லை. நேரம் தாண்டிவிட்டது போலிருக்கிறது.

போன வியாழக்கிழமை ஒன்று நடந்தது. உனக்கு மட்டும் எழுதுகிறேன். கம்பிக்கட்டு ஏற்றும்வரை காத்திருந்த நேரம். கேபின் கதவைத் திறந்து கிரேன் கைமேல் நடந்து போயிருக்கிறேன். பெல்ட் கொக்கியை மாட்டவில்லை. எதற்குப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. காற்று நன்றாக இருந்தது. “லோடு ரெடி, அண்ணே” என்று வாத்தியார் குரல் கேட்டது, திரும்பி வந்து உட்கார்ந்தேன். லோடைச் சரியாகத்தான் இறக்கினேன்.

யாரிடமும் மூச்சு விடாதே. சொன்னால் லைசென்ஸ் போகும். பைத்தியம் என்று பேர் வரும். பாப்பா பள்ளிக்கூடம் வரை அந்தப் பேர் போகும். வீட்டில் அவளுக்கும் தெரியக் கூடாது. பத்து வருஷம் உன் சொல்லை நம்பி லோடை இறக்கியிருக்கிறேன். இதிலும் நம்புகிறேன்.

நெட்டை

*

நவம்பர் 13, வெள்ளி

என் நெட்டையா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்டோர் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். டீயைக் குறைக்கச் சொன்ன வாயில் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் ஒன்று சொல்ல வேண்டும். காலைப் படிவத்தில் ஏழாவது கேள்வி ஞாபகம் இருக்கிறதா? உனக்கு எப்படி இருக்கும், நீ அந்தப் படிவத்தைப் பார்த்ததே இல்லை. “கிரேன் இயக்குபவர் உடலாலும் மனதாலும் நலமா?” உன்னைக் கேட்டுவிட்டு நான் டிக் போட வேண்டும். நீ ஏறியபிறகு இறங்கிவந்து கையெழுத்துப் போட இருபது நிமிஷம் ஆகும், நம்ம நெட்டைதானே என்று, மாசம் பிறந்ததும் முப்பது நாளுக்கும் ஒரே மூச்சில் டிக் போட்டுவிடுவேன். பத்து வருஷமாக. உன் தம்பி போன மாசத்துக்கும் முன்கூட்டியே போட்டிருந்தேன். நீ அவனை எடுத்துக்கொண்டுபோன நாளிலும் படிவத்தில் நீ நலம். வாத்தியாருக்கு இந்தக் குறுக்கு வழியைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

ஒரு நாளாவது உன்னைக் கேட்டிருக்கலாம்.

இப்போது கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? ஆமாம், இல்லை, ஏதாவது ஒன்று எழுது. ஆமாம் என்றால் நான் உன்னைத் திட்ட மாட்டேன். அசிங்கமாக நினைக்க மாட்டேன். ஆனால் நீ அந்த ஏணியில் ஏறக் கூடாது. வீட்டில் பாப்பா அம்மாவிடம் சொல். டாக்டரைப் பார். துணைக்கு நான் வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை லாரியில் பதில் வரணும். வெறும் காகிதம் வந்தாலும் நான் கிளம்பி வந்துவிடுவேன்.

உன்னையே நினைத்துக்கொண்டு,
விசில்

*

நவம்பர் 17, செவ்வாய்

அன்பு விசிலுக்கு,

சும்மா ஏதோ உளறியதற்கு இவ்வளவு பயமா? எல்லாம் சரியாகிவிட்டது. ரெண்டு நாளாக மனசு லேசாக இருக்கிறது. நேற்று பாப்பாவோடு உட்கார்ந்து அவள் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டேன். சான்றிதழ்களை ஒரே உறையில் போட்டு எங்கே வைத்திருக்கிறேன் என்று அவள் அம்மாவிடம் காட்டினேன். டிக் போட்டதற்கெல்லாம் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நீயா காரணம்? உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

லாரிக்காரரிடம் என் சீட் மெத்தையைக் கொடுத்தனுப்புகிறேன். தங்கச்சி தைத்துக்கொடுத்தது, அவளுக்கே போகட்டும். ஸ்டோர் நாற்காலிக்கு ஆகும். எனக்கு இனி வேண்டாம்.

விழா வியாழக்கிழமை. அதற்கு நான் எதற்கு? கேடயத்தை வீட்டில் கொடுத்துவிடுவார்கள்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

உன் நண்பன்,
நெட்டை

*

நவம்பர் 21, சனி

நெட்டையா,

என்னோடு நீ பேச மாட்டாய், தெரியும். இதைப் படிக்கவாவது படி.

லாரிக்காரர் மெத்தையை என் மேசைமேல் வைத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இரும்பு சீட்டில் மெத்தை இல்லாமல் உன் முதுகு ஒரு மணி நேரம் தாங்காது. பத்து மணி நேரம் உட்காரப்போகிறவன் அதைக் கொடுத்தனுப்ப மாட்டான். நான் கேட்ட கேள்விக்கு நீ பதிலும் எழுதவில்லை.

ஸ்டோர் மேனேஜரை விட்டு உங்கள் சேஃப்டி அதிகாரிக்குப் போன் போடச் சொன்னேன். அவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பத்து வருஷத்துல ஒருநாள்கூட ‘இல்லை’ன்னு வரலயே, இவரைவிட நலமா யாரு இருக்கா?” என்றாராம். என் டிக்தான் எனக்கே பதில் சொன்னது. அப்புறம் உன் வீட்டில் பாப்பா அம்மாவுக்குப் போன். அவளுக்கு விஷயம் முழுசும் சொல்லியாகிவிட்டது. நீ வேண்டாம் என்றாய், நான் சொன்னேன்.

புதன்கிழமை விடிந்ததும் முதல் பஸ் பிடித்தேன். அவள் கண்ணசந்த நேரத்தில் நீ வேலைக்குக் கிளம்பிவிட்டாயாம், நான் வந்து சேர்வதற்குள் ஏறியும்விட்டாய். அதிகாரியின் மேசையில் கை வைத்து, “அத்தனை டிக்கும் நான் போட்டது சார், அவனைக் கேக்காம போட்டது, என்னை வேலையை விட்டுத் தூக்குங்க, முதல்ல அவனை இறக்குங்க” என்றேன். மனுஷன் முகம் வெளுத்துப்போச்சு. வாத்தியார் கையிலிருந்து வாக்கியைப் பிடுங்கினேன். முப்பது பேர் கேட்கும் சேனல் அது. தெரிந்துதான் பேசினேன். “நெட்டையா, நான் விசில். நீ நல்லா இல்லடா. இறங்கி வா” என்றேன்.

நீ ஏதோ சொன்னாய். எனக்குக் கேட்கவில்லை. காதோடு அழுத்திவைத்தும் இரைச்சல்தான். வாத்தியாரைப் பார்த்தேன். அவர் கண் கலங்கி நின்றார். “என்ன சொல்றான்?” என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். சொல்லவே மாட்டேன் என்றுவிட்டார். கேபின் கதவு திறந்திருந்தது. நாற்பது நிமிஷம், நெட்டையா. பாப்பா அம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள்.

அப்புறம் ஏணியில் உன் கால் தெரிந்தது.

நீ என்னைத் தாண்டிப் போகும்போது, “என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டல்ல” என்றாய். அது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது. ஆமாம், நிறுத்தினேன். அங்கே நீ நின்ற இடத்தைவிட நடுத்தெரு எவ்வளவோ தேவலை.

மறுநாள் விழா நடந்தது. உனக்கான வாசகத்தை அதிகாரி படிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வாத்தியார் மைக்கை வாங்கி, “நானும் டிக்தாங்க போட்டேன். ஒருநாள்கூட அவரு முகத்தைப் பாத்துக் கேக்கல” என்றார். யாரும் கைதட்டவில்லை. அந்த மீசைக்கார வெல்டர் எழுந்து, “எனக்கும் தூக்கம் வர்றதில்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கேக் அப்படியே கிடந்தது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு ஒரு மாச சஸ்பெண்டு. பரவாயில்லை, தகும்.

மேலேயிருந்து என்ன சொன்னாய்?

விசில்

*

டிசம்பர் 4, வெள்ளி

நெட்டைக்கு,

நாலு லாரி வந்துபோச்சு. லாரிக்காரர் தூரத்திலிருந்தே கையை விரித்துவிடுகிறார். என் முகத்தைப் பார்க்க அவருக்கே பாவமாக இருக்கிறதாம்.

டாக்டரிடம் போகிறாய், மாத்திரை சாப்பிடுகிறாய் என்று பாப்பா அம்மா எழுதினாள். அது போதும். எனக்கு எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் செவ்வாயும் வெள்ளியும் ஸ்டோர் கேட்டில் நிற்பேன், அதை மட்டும் யாரும் தடுக்க முடியாது.

விசில்

*

டிசம்பர் 29, செவ்வாய்
வீடு

விசில்,

லைசென்ஸை ஆறு மாசத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். கீழே யார்டில் உட்காரவைத்திருக்கிறார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் என்னிடம் மெதுவாகப் பேசுகிறான், நோயாளியிடம் பேசுவது மாதிரி. பாப்பா பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, உங்கப்பாவுக்குப் பைத்தியமா என்று கேட்டேவிட்டாளாம். “எங்கப்பாவுக்கு உடம்பு சரியில்ல, டாக்டர்கிட்ட போறாரு, அதுக்கு என்ன?” என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் எதற்குப் பயந்தேனோ அது பதினைந்து வயசுக்காரியின் ஒரே பதிலில் முடிந்துபோச்சு. அன்று கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு தம்பிக்காக அழுதேன். ஒன்றரை மணி நேரம். வெளியே வந்தபோது அவள் அம்மா துண்டை வைத்துக்கொண்டு நின்றாள்.

13-ம் தேதிக் கடிதத்தில் நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம். அன்று ஆமாம். இப்போது பெரும்பாலான நாள் இல்லை. சில நாள் தெரியவில்லை. டாக்டரிடமும் அப்படியேதான் சொன்னேன்.

வாக்கியில் சொன்னது இதுதான்: “விசிலைக் கூட்டிட்டுப் போங்க. அவன் பாக்கக் கூடாது.” வாத்தியார் உன்னைக் கூட்டிப் போகவில்லை. நீ அண்ணாந்து நின்றுகொண்டே இருந்தாய். போவான், இப்போது போவான் என்று நாற்பது நிமிஷம் பார்த்தேன். நீ நகரவே இல்லை.

உன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. முப்பது பேர் கேட்கச் சொன்னதை மறக்க மாட்டேன். நேரில் வந்து கோபப்பட வேண்டும், கடிதத்தில் சரியாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இருப்பாயா?

நெட்டை