அணைந்துபோன மஞ்சள் விளக்கு

புரட்டாசி 12, வியாழன் இரவு

எங்கள் பழைய காரில் இன்ஜின் கோளாறைக் காட்டி எரிந்துகொண்டே இருந்த மஞ்சள் விளக்கை மெக்கானிக் அண்ணன் இன்று கருவி மாட்டி அணைத்துவிட்டார்.

"எரர் கோடை மட்டுந்தான் அழிச்சிருக்கேன், அண்ணாச்சி. கோளாறு அங்கனயே இருக்கு. பிளக் வயரு வெளிய பொறி விடுது. மாத்தாம லோடு ஏத்தாதீக," என்றார்.

"வெளக்குதான் அணைஞ்சிருச்சுல்லா? சீசன் முடியட்டும்லே," என்று அப்பா சிரித்தார்.

ஒரு பொறிகூடப் பறக்கக் கூடாதென்று, பட்டாசுக் கம்பெனி வாசலில் செல்போனைக் கொடுத்துவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டுத்தான் அப்பா உள்ளே போவார். நாளை விடிந்ததும் இந்தக் காரில்தான் பட்டாசுப் பெட்டிகளை ஏற்றப்போகிறார்.

சாவியை எடுத்து என் தலையணை உறைக்குள் வைத்துவிட்டேன். அடித்தால் அடிக்கட்டும், தரமாட்டேன். ஆனால் அப்பாவிடம் இன்னொரு சாவி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.