என் பேரை யாரைக் கேட்டுக் கொடுத்தாய்?

நிம்மதியாகப் படுத்திருக்கிற என் அருமை மச்சான் ஞானமணிக்கு, நிம்மதி இல்லாமல் உட்கார்ந்திருக்கிற ஆசீர்வாதம் எழுதிக்கொள்வது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இதற்குள் ராஜ்யத்தில் ஆட்சியே மாறிவிட்டது, தெரியுமா? அரிசிக்கு வரிசையில் நிற்பது மட்டும் மாறவில்லை. உன் பெரியவன் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டான். உன் சம்சாரம், என் தங்கை எஸ்தர், சுகமாக இருக்கிறாள். ஐந்து மாதம் அவளோடு நான் பேசாமல் இருந்தேன். இப்போது பேசுகிறேன்.

நல்ல செய்தி இத்தோடு சரி. இனிமேல் சண்டை.

இந்தக் கடிதத்தைச் சபைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். ஊர் கூடி நின்ற இடத்தில் என் முகத்தில் கரியைப் பூசிவிட்டுப் போனவனுக்கு ஊர் கேட்கத்தான் பதில் சொல்ல வேண்டும். அதிலும் நீ பதில் பேச முடியாத இடத்தில் இருக்கிறாய். இந்த ஒரு தடவையாவது நான் முழுசாகப் பேசி முடிக்கிறேன்.

உன் அடக்கத்தன்று நான் உன் தலைமாட்டில் நின்றேன். சிதம்பரத்திலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். உனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஆரம்பித்துவிட்டார்.

“மாசாமாசம் மூணாவது ஞாயித்துக்கிழம ஞானமணி ஐயாவும் சத்தியநாதன் ஐயாவும் ஒண்ணா ரயில்ல வருவாங்க. பக்கத்துல பக்கத்துல மண்டி போட்டு நற்கருணை எடுப்பாங்க. நாலு வருஷமா ஒரு மாசம் தவறல. இப்பிடி ஒரு சிநேகத்த நான் பாத்ததில்ல.”

சத்தியநாதனோடு! கூடியிருந்தவர்கள் பெட்டியைப் பார்க்கவில்லை மச்சான், என்னைப் பார்த்தார்கள். கல்லறைத் தோட்டத்துக் கேட்டருகே சத்தியநாதன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். (பத்திரிகைக்காக மரியாதை போடுகிறேன். வாயில் இன்னும் வரவில்லை.) நான் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு நேரே வீட்டுக்கு நடந்தேன்.

வெளியூரில் இதைப் படிக்கிறவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடலூர்ச் சபையில் நற்கருணை அப்பமும் திராட்சை ரசமும் எடுக்க விரும்புகிறவர்கள் முந்தின நாளே பேர் கொடுக்க வேண்டும். ரிஜிஸ்தரில் எழுதிக்கொள்வார்கள். யாரோடாவது பகை இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டுப் பேர் கொடு என்பது அதன் தாத்பரியம். எங்கள் அம்மா இரண்டு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்து செத்தாள். அந்த இரண்டு வருஷமும் அவள் பேர் ரிஜிஸ்தரில் இல்லை. அப்போது சபைக்குக் காரியதரிசியாக இருந்தவர் இந்த சத்தியநாதன். பேர் இல்லாதவர்களைச் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணலாமா என்று கமிட்டிதான் தீர்மானிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். காலை ஏழு மணியிலிருந்து, கமிட்டி கூடிச் சம்மதித்த மாலை நாலு மணி வரை அம்மா வாசலில் கிடந்தாள். ஈ உட்காராமல் நீதான் விசிறிக்கொண்டே இருந்தாய். உன் மாமியார்தான், ஆனால் பெற்ற பிள்ளையைப் போல விசிறினாய்.

அன்றைக்குச் சபதம் போட்டது யார்? நானா? நீதான். “இனிமே அந்தாளு பேர் கொடுக்கிற மாசம் நம்ம ரெண்டு பேரு பேரும் இருக்கக் கூடாது மச்சான்” என்றாய். சத்தியநாதன் ஒரு மாதமும் விடவில்லை. அதனால் பதினொரு வருஷம் நான் நற்கருணை எடுக்காமல் இருந்தேன். மாதத்தின் முதல் ஞாயிற்றில் எல்லோரும் எழுந்து முன்னால் போவார்கள், நாம் இருவர் மட்டும் பெஞ்சில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்போம். நம் சபையில் அந்த உவமை கூடாதுதான். ஆனால் வேறு எப்படிச் சொல்வது?

முதல் ஞாயிறு என்னோடு பட்டினி, மூன்றாம் ஞாயிறு அங்கே பந்தி. இதுதானே நீ நாலு வருஷமாகச் செய்தது? கேட்டால் “கீரப்பாளையத்துல வயலப் பாத்துட்டு வரேன்” என்பாய். அந்த வயலை எப்போதோ குத்தகைக்கு விட்டுவிட்டாய் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் சந்தேகப்படவில்லை. மஞ்சக்குப்பத்தில் முப்பது வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன், பொய்ச்சாட்சியை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பேர். உன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. வாதியைக் கேட்காமல் ராஜி போட்ட கேஸ் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை மச்சான். நீ போட்டுவிட்டாய்.

மறுநாள் உன் வீட்டுக்குப் போய் எஸ்தரைக் கேட்டேன்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்ணா.”

“எத்தினி நாளா?”

“மொத நாள்லேர்ந்து. இதே வாசல்லதான் சத்தியநாதன் ஐயா நின்னாரு. அவுங்க சம்சாரத்துக்கு கை கால் வராம போயி, ரெண்டு வருஷமா கோயிலுக்கே வர முடியலையாம். அப்பத்தான் அம்மா ஞாபகம் வந்துச்சாம். ‘அந்தம்மாவ வாசல்ல போட்டுட்டு ரிஜிஸ்தரப் பொரட்டுனேனே’ன்னு தலையில அடிச்சிக்கிட்டு அழுதாரு. ஒன் வீட்டுக்கு வந்து ஒன் கால்ல விழறேன்னாரு. இவுருதான் வேணாம்னாரு.”

“ஏன் வேணாம்?”

“நீ கதவ சாத்திட்டா அந்த மனுசன் மறுபடி வர மாட்டாரு, மொதல்ல மச்சான நான் பதமாக்குறேன்னாரு. நாலு வருஷமா பதமாக்கிப் பாத்தாரு. நீ எங்கண்ணா பதமான?”

அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்துவிட்டேன். நீ செத்த இரண்டாம் நாள், கூடப் பிறந்த தங்கையிடம் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லாமல் வந்தவன் நான். அதற்கும் நீதான் காரணம் என்று அப்போது நினைத்தேன்.

யோசித்துப் பார். எனக்கு வந்த மன்னிப்பு அது. என் பேருக்கு வந்த தபாலை நீ பிரித்துப் படித்துவிட்டு, உன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாய். நான் அதை வாங்கியிருப்பேனா, கிழித்துப் போட்டிருப்பேனா? அது என் இஷ்டம் இல்லையா? பத்து வயதிலிருந்து கூடத் திரிந்தவன் என்னைக் கண்டு பயந்திருக்கிறான். உன் பொய்கூடப் பரவாயில்லை. அந்தப் பயம்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

நீ சொல்ல முயன்றாயாம். மூன்று தடவை என்று எஸ்தர் கணக்குச் சொல்கிறாள். எனக்கு ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு சாயங்காலம் சுண்டல் தின்றுகொண்டிருந்தோம்.

“மச்சான், திடப்படுத்தல் எடுத்தப்ப ஒனக்குத் தச்ச வெள்ளச் சட்ட இப்ப பத்துமா?” என்று கேட்டாய். ஞானோபதேசத்தை மனப்பாடமாக ஒப்பித்துப் பாஸாகி, முதன்முதலாக நற்கருணைக்குப் போன நாளைச் சொன்னாய்.

“கையே நொழையாது. பதினஞ்சு வயசுல தச்சது.”

“அதே வயசுல மனப்பாடம் பண்ண பக்தி மட்டும் எப்பிடி நமக்கு இன்னும் அளவா இருக்குது?”

“பக்தி என்ன ஒடம்பா, வளர்றதுக்கு?” என்றேன்.

“வளரலன்னாத்தான் மச்சான் வியாதி. திடப்படுத்தல்ங்கிறது பள்ளிக்கூடத்துல சேக்குற நாளு. நாம சேந்த அன்னிக்கே பாஸாயிட்டோம்னு வீட்டுக்கு வந்துட்டோம்.”

நான் என்ன செய்தேன்? சுண்டல் பொட்டலத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, “போன வாரப் பிரசங்கத்த எனக்கே திருப்பிப் படிக்கிறியா?” என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். ஏன் சிரித்தாய்? அங்கேயே என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டாமா? கூட நடக்கிறவன் வேகமாகப் போகிறான் என்றால் ஒரு குரல் கொடுப்பான். நீ சுவடே தெரியாமல் போய்விட்டாய். நான் பக்கத்தில் நீ வருகிறாய் என்று நினைத்துப் பேசிக்கொண்டே நின்றுவிட்டேன்.

போன மாதத்துக்கு முந்தின மாதம், மூன்றாம் ஞாயிறு, நானே சிதம்பரம் போனேன். சாட்சி சொன்னால் போதாது, தஸ்தாவேஜைப் பார்க்க வேண்டும் என்பது குமாஸ்தா புத்தி. திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ஏறினேன். கிள்ளையில் மீன்கூடைக்காரப் பெண்கள் இறங்கும் வரை உட்கார இடமில்லை. ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போய், ஞானமணியின் மச்சான் என்றேன். ரிஜிஸ்தரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

ஞானமணி, கடலூர். சத்தியநாதன், கடலூர். கீழே மூன்றாவதாக ஒரு பேர் இருந்தது. எழுதி, மேலே கோடு போட்டு அடித்திருந்தது. ஆசீர்வாதம், கடலூர்.

“இது நீங்கதானா?” என்றார் போதகர். “மாசாமாசம் கார்டு போடுவாரு. மூணு பேரு எழுதியிருப்பாரு. ‘மச்சான் இந்த மாசம் வந்துருவாரு’ம்பாரு. ஆராதன முடியிற வரைக்கும் பாப்பேன். நீங்க வர மாட்டீங்க. அடிச்சிடுவேன்.”

பக்கம் பக்கமாகத் திருப்பினேன். நாலு வருஷம் மச்சான்! ஒரு மாதம் பாக்கியில்லாமல் நான் வருவதாக இருந்திருக்கிறேன், வராமல் போயிருக்கிறேன். அந்த ஊரில் ஒருவருக்கும் என் முகம் தெரியாது, ஆனால் வராதவன் என்று என்னைத் தெரிந்திருக்கிறது. என் பேரை யாரைக் கேட்டுக் கொடுத்தாய்? என்னிடம் சொல்ல வாய் வரவில்லை, ஊர்பேர் தெரியாத போதகருக்குக் கார்டு போட மட்டும் கை வந்ததா? அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில்தான் அழுதேன்.

திரும்பி வரும்போது ரயிலில் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிப் பார்த்தேன். நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களுக்கு மன்னியும் என்கிற இடம், ஐந்தாம் விண்ணப்பம். அதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன், உனக்குத் தெரியும். திடப்படுத்தல் பரீட்சையில் அந்த வருஷம் நான்தான் முதல். அன்றைக்கு ஒப்பித்த அதே பையன்தான் ஐம்பத்தொரு வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். தலை மட்டும் நரைத்திருந்தது. அவனிடம் நீ எப்படிச் சொல்லியிருப்பாய்? இதை யோசித்ததும் உன்மேல் இருந்த கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அதற்குப் பக்கத்தில் என்மேலும் ஒரு கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்று மாலையே எஸ்தர் வீட்டுக்குப் போய் காபி கேட்டேன். அவள் போட்டுக் கொடுத்தாள்.

நேற்று சனிக்கிழமை. நம் போதகர் வீட்டுக்குப் பேர் கொடுக்கப் போனேன். முன்னறையில் சத்தியநாதன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். மனுசன் ரொம்ப இளைத்திருக்கிறார். நான் பதினொரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சில் ஒரு வார்த்தை வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

“எங்கம்மா பேரு என்னா? சொல்லு.”

“ரூபியம்மா” என்றார். “மாசிலாமணி சம்சாரம். கடைசியா பேர் கொடுத்தது ஈஸ்டருக்கு முந்தின மாசம். அப்புறம் ரெண்டு மாசம் பேர் வரலன்னதும் நான்தான் வீட்டுக்குப் போயி என்னா ஏதுன்னு பாத்திருக்கணும். அதுதான் என் வேல. போவல. ரிஜிஸ்தர்ல பேரு இல்லாதது அவுங்க தப்பில்ல. என் தப்பு.”

போதகர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். “எம் பேர எழுதிக்கிங்க” என்றேன். எழுதினார். வாசல்படி இறங்கும்போது திரும்பி, “நாளைக்கு எம் பக்கத்துல வந்து மண்டி போட்டுடாதீங்க. நடுவுல நாலு பேரு இருக்கட்டும்” என்றேன். “சரிங்க” என்றார்.

இன்று காலை அப்படியே நடந்தது. நடுவில் நான்கு பேர். அப்பத்தை வாங்கினேன். முடிந்து எழுந்து வரும்போது நம் பெஞ்சில் உன் இடம் காலியாக இருந்தது. அங்கே உட்காராமல் நின்றேன்.

அடுத்த மாதம் நடுவில் மூன்று பேர் என்று வைத்திருக்கிறேன். அதற்கடுத்த மாதம் இரண்டு. இப்படிப் போனால் இந்த வருஷத்துக்குள் சத்தியநாதன் தோளோடு தோள் இடிக்க மண்டியிட்டுவிடுவேன். அவரை மன்னிக்க அது போதும். அவர் எனக்கு யாரோ.

நீ என் மச்சான். உன்னை மன்னிக்கிற அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை. சாவதற்குள் வளர்ந்துவிடுகிறேன். இது வாக்கு.

உன்னை நம்பி ஏமாந்த,
எஸ்தரின் அண்ணன், உன் மச்சான்
ஆசீர்வாதம்