யூரிக் அமிலத்தில் முதலிடம்

மார்ச் 4

நர்ஸ் மருமகளுக்கு,

நான் நலம். என் நலத்தைப் பற்றி ஒர்க்‌ஷாப்பே பேசுகிறது. மெக்கானிக் முதல் மேனேஜர் வரை நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். யூரிக் அமிலம் எனக்குத்தான் உச்சம்: ஒன்பது. மேனேஜருக்கு வெறும் ஐந்து. பாவம், முகம் தொங்கிவிட்டது. பெண்களுக்கு இது குறைவாம், ஆண்களுக்கு அதிகமாம். லேப்காரப் பெண் தன் வாயால் சொன்னது. அப்படியென்றால் ஒன்பதுக்கு என்ன அர்த்தம்? நீயே பார்த்துக்கொள். கால் கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் வீரம் எங்கேயாவது தள்ளத்தானே செய்யும்.

அடுத்த மாதம் நான் கட்டிக்கொள்ளப்போகும் தையல்காரியிடம் சொன்னேன். அவளுக்குப் பேச்சே வரவில்லை. வாயில் குண்டூசி இருந்தது என்பது வேறு விஷயம்.

அதே தாளில் ஆண் ஹார்மோன் குறைவு என்று போட்டிருக்கிறது. மெஷின் கோளாறு. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. ஐம்பதில் வந்த வாழ்வு, கைநழுவிவிடக் கூடாது பார். ஜிம் மாஸ்டரிடம் ஒரு ஊசி இருக்கிறது. சனிக்கிழமை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்.

உன் சிங்க மாமா

மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

ஊசி போடாதீர்கள். மற்றதை அப்புறம் படியுங்கள்.

யூரிக் அமிலத்தில் ரேங்க் கிடையாது. பெண் ஹார்மோன் அதைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது. அதனால்தான் எங்களுக்குக் குறைவு. தொப்பை போட்ட ஆண்களுக்கு அமிலம் ஏறுவதும் ஆண் ஹார்மோன் இறங்குவதும் பல சமயம் சேர்ந்தே வரும். எது எதை இழுக்கிறதென்று இன்னும் முடிவாகத் தெரியாது. எடையை மெதுவாகக் குறைத்தால் இரண்டுக்கும் நல்லது. விரலை டாக்டரிடம் காட்டுங்கள். அது வீரமில்லை, அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம்.

அத்தையாக வரப்போகிறவரிடம் மறைக்காதீர்கள். வேறு யாராவது சொல்லித் தெரிந்தால், அப்போதுதான் கைநழுவும்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 12

டாக்டருக்கும் மேலான மருமகளுக்கு,

உன் கடிதம் வருமுன்பே ஊசி வேண்டாமென்று முடிவெடுத்துவிட்டேன். ஜிம் மாடிப்படியில் விரல் தீயாய் எரிந்து பாதியில் உட்கார்ந்துவிட்டேன் என்று யாராவது எழுதினால் நம்பாதே. தையல்காரிதான் ஆட்டோவில் வந்து அள்ளிப்போனாள். வழியில் சொல்லிவிட்டேன்.

“எனக்கு அது கம்மியாம்.”

“எது?”

“அதான்.”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களையே பார்க்கிறார்.

“நான் என்ன உழவுக்கு மாடா புடிக்க வந்தேன்? பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு வேணும்னுதானே வந்தேன்” என்றாள்.

பேச்சென்றால் என்னை ஜெயிக்க ஆள் ஏது?

டாக்டர் மாத்திரையில் வீக்கம் வடிந்தது. ஆனால் இவள் என் வயிற்றை அளந்துவிட்டு, கல்யாணச் சட்டையை வேண்டுமென்றே இரண்டு இஞ்ச் குறைத்துத் தைத்துவிட்டாள். “பட்டன் எல்லாம் மாட்டுற அன்னைக்குத்தான் கல்யாணம்.” ஆகவே தினமும் நடக்கிறேன். நான் நடக்கும் வேகத்தில் தெருநாய்கள் ஒதுங்கி வழிவிடுகின்றன.

நேற்று ஒரு பட்டன் தவிர எல்லாம் மாட்டியது. மூச்சுதான் விட முடியவில்லை. நீ லீவு சொல்லி வை.

மாப்பிள்ளை மாமா