‘வாங்க’ என்று சொல்லக் கூடாத இடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், டாக்டர்கள் விஷயத்தில் இதையெல்லாம் நினைத்துக்கொள்ள மட்டும்தான் முடியும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் அம்மா பேச்சை எடுத்தால் உனக்கு உடனே டியூட்டி வந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை, நீ பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் மீதி அங்கேயே காத்துக்கொண்டிருக்கும்.

அம்மா ஆஸ்பத்திரிக்கே தலைமை நிர்வாகி ஆன செய்தி கேட்டு நீ அவளுக்கு அனுப்பிய வாழ்த்து வந்தது. ‘வாழ்த்துகள்’ என்று ஒரே சொல். நடுவில் ‘க்’ போடாமல் சரியாக எழுதியிருந்தாய். காலமெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் என்ற முறையில் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, என் கவலையே அதுதான். நீ பிரியமாக எழுதும்போது வரிக்கு ரெண்டு பிழை வரும், ஹாஸ்டலில் இருந்து எழுதியதையெல்லாம் நான் சிவப்புப் பேனாவைத் தொடாமல் படித்திருக்கிறேன். உன் வாழ்த்துக்கு அவள் ‘நன்றி டாக்டர்’ என்று பதில் போட்டாள். நீ வீட்டைவிட்டுப் போனதிலிருந்து இன்றுவரை உங்கள் இரண்டு பேருக்கும் நடந்த பேச்சுவார்த்தை இந்த மூன்று சொற்கள்தான்.

பழையதைக் கிளறுகிறேன் என்று நினைக்காதே. குழந்தைகள் வார்டில் கூட இருக்கும் அம்மாக்கள் தரையில் படுக்கிறார்கள், அவர்களுக்கும் கட்டில் போட வேண்டும் என்று அதே ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த நீ கூட்டத்தில் கேட்டாய். அப்போது நிதி அதிகாரியாக இருந்த அவள் முடியாது என்றாள். கட்டில்ல படுக்கறவங்க பேர்ல பில் போடணும் டாக்டர், அம்மாங்களுக்கு என்னன்னு போடறது என்று அவள் அத்தனை பேர் நடுவில் கேட்க, பெத்ததுக்குன்னு போடுங்க மேடம் என்று நீ சொல்லிவிட்டு வெளியே வந்தாயாம். கூட்டத்தில் டாக்டர், மேடம் என்று கூப்பிட்டுக்கொள்வது மரியாதை. அதை வீட்டுக்கும் கொண்டுவந்து, உப்பு வேணும் மேடம், இந்தாங்க டாக்டர் என்று நீ கிளம்பிப் போகும்வரை நடத்தினீர்கள். இரண்டு அதிகாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்த எனக்கு மட்டும் எந்தப் பதவியும் தரவில்லை.

அவள் எப்படித் தலைமைக்கு வந்தாள் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தலைமையில் இருந்த பெரிய சர்ஜன் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலிக்கு இதய டாக்டரும் எலும்பு டாக்டரும் நின்றார்கள். இதயம் எலும்புக்குக் கீழே வேலை செய்யாது என்றது, எலும்பு இதயத்துக்குக் கீழே வேலை செய்யாது என்றது. உடம்பில் அப்படித்தான் இரண்டும் காலகாலமாக ஒத்துப்போகின்றன, ஆனால் அதை நிர்வாகக் குழுவில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. கடைசியில் இருவரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள், மற்றவர் வராவிட்டால் போதும் என்பதில். அப்படி உன் அம்மா ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள்.

பதவி ஏற்ற வாரமே வார்டு வார்டாகப் போய்ப் பார்க்க ஆரம்பித்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம், நம்ம ஆஸ்பத்திரியில எந்த மாடியிலயும் ஃபேன் ஓடலைங்க, லைட்டும் எரியல, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டா எல்லாம் நல்லா இருக்குங்கறான் என்று வருத்தப்பட்டாள். விசாரித்ததில் விஷயம் இதுதான். நிதி மேடம் வர்றாங்க என்று கீழிருந்து தகவல் போனதும் மேலே இருப்பவர்கள் சுவிட்சையெல்லாம் அணைத்துவிடுகிறார்கள். இவள் போகிற இடமெல்லாம் இவளுக்கு முன்னால் இருட்டு போய்க்கொண்டிருந்திருக்கிறது. டாக்டர்கள் அறையில் டீ பிளாஸ்க்கை ஸ்ட்ரெச்சர் போர்வைக்குள் ஒளித்து வைத்தார்களாம், அதைப் பார்த்துவிட்டு இவள், யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிப்போய்ப் போர்வையை விலக்கினாளாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. என்னைப் பாத்தா பயப்படறாங்க, நான் என்ன அவ்வளவு மோசமா என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லும் புருஷன் இன்னும் பிறக்கவில்லை. நான் ஒரு கணம் யோசித்ததிலேயே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

அவளைப் பார்த்துப் பயப்படாதவர் ஒரே ஒரு தாத்தா. ஆண்கள் வார்டில் ஜன்னலோரம் படுத்திருந்தவர், இவளை டாக்டர் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டார். நான் டாக்டர் இல்லை என்று சொன்னால் மனிதர் சங்கடப்படுவாரே என்று இவளும் கையைப் பிடித்தாள். நாடி எங்கே இருக்கும் என்று தெரியாது, தெரிந்தவள் மாதிரி கடிகாரத்தைப் பார்த்தாள். எப்படிம்மா இருக்கு என்று அவர் கேட்டாராம். தேவலை, போன வருஷத்துக்கு இது தேவலை என்று சொல்லியிருக்கிறாள். வரவு செலவு பார்த்தே பழகியவளுக்கு அதுதான் வாயில் வரும். அவர் ரொம்பத் திருப்தியாகத் தலையாட்டினாராம், அதற்குப் பிறகு தினமும் இவள் வரும் நேரத்துக்குக் கையைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொள்வாராம்.

அந்தத் தாத்தா குணமாகி வீட்டுக்குக் கிளம்பிய அன்றுதான் வினை. மகன் பையைத் தூக்கிக்கொண்டு நிற்க, அவர் இவளிடம் கும்பிட்டு, போறேம்மா என்றார். நம் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் அந்தச் சொல் காதில் சுருக்கென்று குத்தும் இல்லையா. இவள் பதறி, ஐயோ, போறேன்னெல்லாம் சொல்லாதீங்க, போயிட்டு வாங்க என்று சொல்லிவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகன் முகம் செத்துப்போயிற்று. தாத்தா மட்டும் சிரித்தாராம், பாருடா, கட்டில் காலியாக் கிடந்தா இவங்களுக்குக் கட்டுப்படியாகாது போல என்று. சாயங்காலத்துக்குள் அது கேன்டீன் வரைக்கும் இறங்கிவிட்டது. நிதி மேடம் டிஸ்சார்ஜ் ஆறவங்களைத் திரும்பி வரச் சொல்றாங்க, அடுத்த மாசம் தள்ளுபடி உண்டாம் என்று.

அவளுக்குத் தான் என்ன தப்பு செய்தோம் என்றே விளங்கவில்லை. உனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்த தலைமை நர்ஸ்தான் லிஃப்டில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். மேடம், அதெல்லாம் வீட்டு மரியாதை, இங்க யாரையும் வாங்கன்னு சொல்லக் கூடாது, போறேன்னு அவங்க சொன்னா நாங்க போங்க போங்க, இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதீங்கன்னு விரட்டுவோம், இங்க போறேன்னு சொன்னாத்தான் நல்ல சேதி என்று. இத்தனை வருஷம் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவள், ஆனால் நிதி அலுவலகத்தில் இருந்து யாரும் குணமாகி வீட்டுக்குப் போவதில்லையே, அவளுக்கு எப்படித் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காய்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி இரண்டு பேரும் மடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் என்னிடம் இந்தக் கதையைச் சொன்னாள். தாத்தா மாதிரியும் நர்ஸ் மாதிரியும் பேசிக் காட்டினாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். கையில் ஒரு தலையணை உறை இருந்தது, உன் அறையில் இருக்கும் அந்த நீலக்கோடு போட்டது, யாரும் படுக்காவிட்டாலும் வாரத்துக்கொரு முறை துவைக்கிறாள். சிரித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். அதைப் பாதி மடிப்போடு பிடித்தபடி, அன்னைக்கு அவ கிளம்பும்போது என்ன சொல்லிட்டுப் போனா என்று கேட்டாள்.

உனக்கு ஞாபகம் இருக்கும். பெட்டி வண்டியில் ஏறிவிட்டது. அம்மா உள்ளே ஆண்டுக் கணக்கை விரித்துவைத்துக்கொண்டு எழுந்து வராமல் உட்கார்ந்திருந்தாள். நீ வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல், போறேன் என்றாய். அந்த ஒரு சொல்தான். நான் வாசலிலேயே நின்றேன், நீ திரும்பி மீதியைச் சொல்வாய் என்று.

நான் அம்மாவிடம், போயிட்டு வரேன்னுதான் சொன்னா என்றேன்.

உன் அம்மா எதற்கும் ரசீது கேட்பவள் என்பது உனக்குத் தெரியும். கீரை வாங்கி வந்தாலும் சில்லறையோடு விளக்கமும் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அவள், நல்லாக் கேட்டுதா என்றுகூடக் கேட்கவில்லை. அப்படியா என்றாள், உறையின் மீதி மடிப்பை மடித்துத் தனியாக எடுத்து வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ரசீது கேட்காமல் வாங்கிக்கொண்டது இது ஒன்றைத்தான்.

அடுத்த வாரம் குழந்தைகள் வார்டுக்கு மடக்குக் கட்டில்கள் வந்து இறங்கின, அம்மாக்களுக்கு. நீ கேட்டது மடக்குக் கட்டில் இல்லை, நீ குறை சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நிர்வாகக் குழுவில் அவள் சொன்ன காரணம் வேறு, அம்மா பக்கத்தில் தூங்கினால் பிள்ளை சீக்கிரம் தேறுகிறது, அதனால் செலவு குறைகிறது என்று வரைபடம் எல்லாம் போட்டுக் காட்டினாளாம். அவளுக்கு மனசு ஒன்று சொன்னால் முதலில் அதற்கு ஒரு கணக்கைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் செய்வாள், அவள் பிறவி அப்படி. என்னிடம் மட்டும், உயரம் சரியா இருக்கா, கைய நீட்டினா பிள்ளையத் தொட முடியுதான்னு ஒரு டாக்டர் வந்து பாத்துச் சொன்னா தேவலை என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் தடுக்கி விழுந்தால் ஒரு டாக்டர் மேல்தான் விழ வேண்டும். எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை.

உன்னை வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று சொல்ல மாட்டேன். லீவு கிடைக்கும்போது வா, கட்டிலைப் பார், பிடிக்காவிட்டால் இரண்டு பேரும் சண்டை போடுங்கள், ஆனால் டாக்டர், மேடம் வேண்டாம். நான் பார்த்த புத்தகங்களில் தெரிந்தே ஒரு பிழையை விட்டதில்லை, துணி மடித்த அன்றைக்கு அம்மாவிடம் விட்டேன். அதைத் திருத்த உன்னால்தான் முடியும். வந்துவிட்டுத் திரும்பக் கிளம்பும்போது வாசலில் கொஞ்சம் நின்று, உள்ளே இருப்பவள் காதில் விழுகிற மாதிரி, நான் சொன்னதைச் சொல்லிவிட்டுப் போ.

மழைக்காலத்துக்கு நல்ல செருப்பு வாங்கிக்கொள். வலிக்கிற கடைவாய்ப் பல்லைப் பல் டாக்டரிடம் காட்டு, டாக்டர் என்பதால் உனக்கு அது தானாக ஆறாது. உன் கை தொட்ட பிள்ளைகளெல்லாம் தேறி வீட்டுக்குப் போகட்டும், உன்னிடம் எல்லோரும் போறேன் என்று சொல்லட்டும், நீ மட்டும் எங்களிடம் அதைச் சொல்லாதே. நன்றாக இரு கண்ணு.

இப்படிக்கு,
வாசலில் நிற்கும்
உன் அப்பா

பின்குறிப்பு: உறை ஒட்டும்போது அம்மா வந்து யாருக்கு என்றாள், சொன்னேன். நீ அனுப்பிய வாழ்த்தைப் போனில் எடுத்துக் காட்டி, அவசரத்துல ‘க்’ விட்டுட்டா பாருங்க, பாவம், ராத்திரி டியூட்டியா இருக்கும் என்றாள். இது நான் திருத்தாமல் விட்ட இரண்டாவது பிழை.