ஆளுக்கு ஆள்

தூத்துக்குடி
ஐப்பசி 3, 1943

ஆண்டவருடைய காவலில் இருக்கும் என் வீட்டுக்காரர் ஏசுவடியான் அவர்களுக்கு, அற்புதமணி வணக்கத்துடன் எழுதுவது. நானும் மகள் தேவகனியும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கருப்பட்டி வியாபாரி வீரபாகு அண்ணாச்சி தேரிக்காட்டு வழியாக உள்ளாழிக் கரைக்கு வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போனாரே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மடையில் முங்கிச் சேறு அள்ளுகிறீர்களாம். இருமினால் ரத்தம் வருகிறதாம். என்னிடம் மறைக்கச் சொன்னீர்களாம். அவருக்குப் பொய் சொல்ல வராது என்று உங்களுக்குத் தெரியாதா?

இங்கே சண்டைக்காலம் முடிந்தபாடில்லை. ரேஷன் அரிசியில் பாதி கல், மீதி புழு. போன கடிதத்தில் கோழி முட்டையிடுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். கோழி இல்லை. அது எங்கே போனது என்று பின்னால் சொல்கிறேன்.

போன கார்த்திகையில் உப்பு ஏற்றிப் போன தோணி உள்ளாழியிலிருந்து திரும்பியபோது, நீங்கள் அங்கே வேலை கிடைத்துத் தங்கிவிட்டதாகத்தான் என் தம்பி ஜேசுபாதம் சொன்னான். பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு என்ன வேலை என்று எட்டு மாதம் உங்களைத் திட்டித் தீர்த்தேன். இந்த ஆடியில்தான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னான். எத்தனை உப்பு இறக்குகிறோமோ அத்தனை எடைக்குத்தான் உள்ளாழியில் அரிசி ஏற்றலாம், கூடினால் துறையில் நட்டிருக்கும் அளவுக்கல்லில் தண்ணீர் இறங்கித் தோணிகளெல்லாம் சேற்றில் உட்கார்ந்துவிடும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்தே பாய்ச்சுருளுக்குக் கீழே ஒரு மூட்டையை ஒளித்திருக்கிறான். புறப்பட்ட அன்று தேவகனி பசியில் சுவரைச் சுரண்டித் தின்றதைப் பார்த்துவிட்டுப் போனவன் அவன்.

தண்ணீர் இறங்கியதும் கரைக்காரர்கள் தோணியை மறித்து, மூட்டையை இறக்கு, இல்லையென்றால் ஆளை இறக்கு என்றார்களாம். இவன் மூட்டையைத் தூக்கப் போனானாம். நீங்கள்தான் அவன் கையைப் பிடித்து, "இறக்காதல, பிள்ளைக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கரையில் குதித்தீர்களாம். அந்த அரிசியைத்தான் எட்டு மாதம் கஞ்சி காய்ச்சினேன். நானும் குடித்தேன். உங்களைத் திட்டிக்கொண்டே குடித்தேன்.

அரிசிக்காக நின்றவரை அரிசி மீட்காது, ஆளுக்கு ஆள்தான் என்று கரைக்காரர்கள் வீரபாகு அண்ணாச்சியிடம் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அதுவும் இந்த வருஷத்து வெள்ளத்தில் தோணி போகும்போதே மாற்ற வேண்டும். தவறினால் நீங்கள் உள்ளாழிக்கே சொந்தமாம். மாற்றாக வருகிறவன், நீங்கள் நின்ற நாளில் இருந்த எடைக்குக் குறையக் கூடாது. நூற்று நாற்பத்திரண்டு ராத்தல். மடியில் கல் கட்டிக்கொண்டு ஏமாற்ற வழியில்லை, கோவணத்தோடு நிறுத்துப் பார்ப்பார்கள்.

தம்பி தானே போவதாகச் சொன்னான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். உப்பளத்துத் தராசில் நிறுத்தபோது நூற்று இருபத்தாறு இருந்தான். குற்ற உணர்ச்சியில் சோறு இறங்காமல் கிடந்தவன் எப்படி இருப்பான். அன்றிலிருந்து அவனுக்கு ஊட்டி வளர்க்கிறேன். கோழி அவன் தட்டில்தான் விழுந்தது. தேவகனி பங்கிலும் பாதி அவனுக்குத்தான். அவன் தலையை நிமிர்த்தாமல் சாப்பிடுகிறான். நான் எதிரே உட்கார்ந்து தட்டு காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூடப் பிறந்தவனை இப்படிப் பார்க்கிற பாவி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் நிறுத்தோம். நூற்று முப்பத்தொன்பது.

ஐப்பசி 11

கடிதத்தை அன்று முடிக்க முடியவில்லை. இன்று காலை மறுபடியும் நிறுத்தோம். தராசுக்காரர் வன்னியபெருமாள் அண்ணாச்சி எடைக்கல்லை வைத்தார். நான் தட்டைப் பார்க்காமல் உப்புக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பிதான் சொன்னான், "சரியா இருக்குக்கா. இனி பிள்ளைக்குப் போடு" என்று. வீட்டுக்கு வந்து அவன் சோற்றில் பாதியைத் தேவகனி தட்டில் தள்ளினான். நான் தடுத்தேன். தோணி போய்ச் சேர ஆறு நாள் ஆகும், வழியில் எடை இறங்கிவிட்டால் என்ன செய்வது?

ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை தோணி புறப்படுகிறது. கடிதத்தை முந்திக் கொடுத்துவிடும்படி வீரபாகு அண்ணாச்சியிடம் தருகிறேன். தம்பியைக் கண்டதும் வரமாட்டேன் என்று முரண்டு பிடிக்காதீர்கள். உங்கள் மகள் அப்பாவின் முகத்தை மறந்துகொண்டிருக்கிறாள். அவனிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். உங்கள் போர்வையை அவனிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் குளிர் ஆகாது.

இன்னொன்று. தம்பி இறங்கியதும் நானும் அந்தத் தராசில் ஏறி நின்றேன். தொண்ணூற்றெட்டு ராத்தல் இருக்கிறேன். அடுத்த வெள்ளத்துக்கு ஒரு வருஷம் இருக்கிறது. நீங்கள் வீடு வந்து சேர்ந்த பிறகு என் தட்டில் சோறு கூடுதலாக இருந்தால், ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கர்த்தர் உங்கள் நெஞ்சைச் சுகப்படுத்தி, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் வரவை வேண்டிக்கொண்டிருக்கும்
அற்புதமணி